14 மாதம் கிடந்தும் காயாத புளிய விறகு: ஒரு நிகழ்வு ஆய்வு

அடுப்பில் வைத்த கட்டையின் வெளிமுனையில் நுரை தள்ளியது. முதலில் ஊசிமுனை அளவுக் குமிழிகள். கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றுசேர்ந்து பழுப்பு நிறத்தில் பொங்கி, சீறிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தன. உள்முனையில் தீ பிடிக்கவே இல்லை. கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அந்த மரம் காற்றில் சாய்ந்து அன்றைக்கு 14 மாதம் ஆகியிருந்தது.

14 மாதம் கிடந்த விறகு எப்படி ஈரமாக இருக்கும்? இந்தக் கேள்விக்காகத்தான் எல்லாவற்றையும் எடை போட்டு, பிளந்து, அளந்து பார்த்தேன். ஒரே மரம், ஒரே வாரத்தில் வெட்டியது, ஒரே இடத்தில் கிடந்தது. அதில் ஒரு பங்கு குறையில்லாமல் எரிந்து முடிந்துவிட்டது. மற்ற இரண்டு பங்கும் எரிய மறுத்தன. வித்தியாசம் முழுக்க முதல் மூன்று நாளில் நாங்கள் எடுத்த முடிவுகளில் இருந்தது. விறகு காய்வதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எத்தனை மாதம் என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை நீளம், பிளந்ததா, காற்று எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காதவன்தான்.

மூன்று பங்கு

சாய்ந்தது ஒரு பெரிய புளியமரம். அடிமரத்தை மரம் அறுப்பவர் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு மிஞ்சியவை பெருங்கிளைகளும் அவற்றின் கவட்டைகளும். 25 முதல் 30 சென்டிமீட்டர் பருமன்.

புளி பிளப்பதற்கு முரண்டு பிடிக்கும் மரம். அதன் நார் ஒரே திசையில் ஓடாது. சில ஆண்டு வளர்ச்சி இடப்பக்கம் சாய்ந்து ஓடும், அடுத்த சில ஆண்டு வளர்ச்சி வலப்பக்கம் சாயும். இப்படி அடுக்கு மேல் அடுக்காகப் பின்னிக்கொண்டிருப்பதால் கோடாலி உள்ளே போனாலும் பிளவு ஓடாது. அதனால்தான் இது வெட்டுக்கட்டைக்கு நல்ல மரம். வைரம் என்கிற கெட்டியான உள்மரம் கொஞ்சமாக, கருஞ்சிவப்பாக நடுவில் இருக்கும். சுற்றிலும் வெளிறு என்கிற வெளிமரம் மஞ்சள் கலந்து அகலமாக இருக்கும். கனமான மரம், நன்றாகக் காய்ந்தால் நெடுநேரம் நின்று எரியும்.

முதல் நாள் உற்சாகமாக இருந்தோம். கிளைகளை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, அன்றே பிளந்து, இரண்டு கட்டைகளின் மேல் ஒற்றை வரிசையாக அடுக்கினோம். மேலே மட்டும் ஒரு தகரம். இது முதல் பங்கு.

இரண்டாம் நாள் பிற்பகலில் மெஷின் ரம்பத்தின் சங்கிலி மழுங்கிவிட்டது. கூராக இருக்கும் சங்கிலி சீவல் சீவலாக மரத்தைத் தள்ளும். மழுங்கினால் மாவாகக் கொட்டும், கை அழுத்தினால்தான் உள்ளே இறங்கும். அன்று கொட்டியது மாவு. அரம் போட்டுத் தீட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். நீளத்தை 60 சென்டிமீட்டராக வைத்து அறுத்து, பிளக்காமல், பட்டையோடு சுவரோரம் உருட்டிவிட்டோம். வேண்டும்போது பிளந்துகொள்ளலாம் என்று நினைத்தோம். இது இரண்டாம் பங்கு.

மூன்றாம் நாள் மேகம் கறுத்தது. மிச்சக் கிளைகளை 30 சென்டிமீட்டரில் அறுத்துப் பிளந்து, குவியலாகப் போட்டு, தார்ப்பாயால் தரைவரை மூடிச் சுற்றிலும் கல் வைத்தோம். ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகக் கூடாது என்பதில் மிகுந்த கவனமாக இருந்தோம். இது மூன்றாம் பங்கு.

முதல் பங்கை ஐந்தாவது மாதம் எடுக்க ஆரம்பித்தோம். தண்ணீர் சூடாக்கும் அடுப்பு, புகைபோக்கி வைத்தது. அதில் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. பத்துப் பன்னிரண்டு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தபோது இரண்டாம் பங்கைத் தொட்டோம். நுரை அங்கேதான் வந்தது.

வெளியே காய்ந்த அடையாளங்கள்

அந்த உருட்டுக்கட்டைகளைப் பார்த்தால் யாரும் ஈரம் என்று சொல்லமாட்டார்கள். அறுத்த முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்சத்திரம்போல் வெடிப்புகள் ஓடின, சிலவற்றில் நாணயம் நுழையும் அளவுக்கு. இரண்டைத் தூக்கி மோதினால் கணீரென்ற சத்தம் வந்தது. ஈரமானி வாங்கி வைத்திருந்தேன், இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் ஈரச் சதவீதத்தை எண்ணாகக் காட்டும் சாதாரண வகை. அறுத்த முகத்தில் குத்தினேன். 17 காட்டியது.

எல்லா அடையாளமும் உண்மைதான். ஆனால் எல்லாமே கட்டையின் வெளிமுகத்தைப் பற்றிய உண்மை.

ஈரமானி ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்பதைத்தான் அளக்கிறது. ஊசி இறங்குவது அரை சென்டிமீட்டருக்கும் சற்று மேல். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையிலேயே இரண்டு ஊசியும் இருக்கும்படி, உடனே குத்திப் பார்க்க வேண்டும். அப்படிக் குத்தியபோது 38 என்றது. அதையும் அப்படியே நம்பக் கூடாது. 30-க்கு மேல் இந்த வகைக் கருவியின் எண்கள் தோராயமானவை. ஈரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வெடிப்புக்கும் தனிக் கதை உண்டு. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நுண்குழாய்களின் வெற்றிடத்தில் நிற்பது ஒன்று, குழாய்ச் சுவர்களுக்குள் ஊறியிருப்பது இன்னொன்று. முதலில் போவது குழாயில் நிற்கும் தண்ணீர். அது போகும்போது மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கியபின் சுவரில் ஊறியதும் போக ஆரம்பிக்கும். அப்போதுதான் மரம் சுருங்கும். சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. வளையங்களை ஒட்டிச் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். சுற்றளவு வேகமாகக் குறைகிறது, உள்ளே இருப்பது அதற்கு இடம் கொடுப்பதில்லை, எனவே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாய் பிளக்கிறது. அறுத்த முகம் முதலில் காய்வதால் வெடிப்பும் அங்கே முதலில் வருகிறது. வெடித்திருக்கிறது என்றால் அந்த முகம் 30-க்குக் கீழே போய்விட்டது என்று பொருள். ஒரு சாண் உள்ளே என்ன நிலை என்பதை வெடிப்பு சொல்லாது.

அளந்தது

சரி, கருவியை நம்பாமல் எப்படி அளப்பது? எடையால்தான். மூன்று பங்கிலிருந்தும் ஒவ்வொரு கட்டையை எடுத்து, முனைகளை விட்டுவிட்டு, நடுவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு வில்லை அறுத்தேன். அறுத்த கையோடு நிறுத்தேன். பிறகு 103 டிகிரியில் நிற்கக்கூடிய மின் அடுப்பில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை அவ்வப்போது எடுத்து நிறுத்தேன். மர ஆய்வுக்கூடங்களில் செய்வதும் இதே முறைதான். ஒரு முழு நாள் ஆகும், பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

உருட்டுக்கட்டையின் வில்லை 412 கிராமில் தொடங்கி 291 கிராமில் நின்றது. போன தண்ணீர் 121 கிராம். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் 42 சதவீத ஈரம். தார்ப்பாய்க் குவியலின் வில்லை 384-லிருந்து 300-க்கு வந்தது, 28 சதவீதம். தகரத்தின் கீழ் ஒற்றை வரிசையில் இருந்தது 365-லிருந்து 312-க்கு வந்தது, 17 சதவீதம்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும், பலரை இது தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. ஈரச் சதவீதத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். தண்ணீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையால் வகுப்பது ஒன்று. மரவேலைக்காரர்களும் ஈரமானியும் இதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீரின் எடையை ஈரத்தோடு இருக்கும் மொத்த எடையால் வகுப்பது இன்னொன்று. எரிபொருள் கணக்குப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். முதல் கணக்கில் 25 என்பதும் இரண்டாவதில் 20 என்பதும் ஒரே விறகுதான். விறகு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு ஈரமானியில் 24 வந்தால் பதற வேண்டாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எண்கள் எல்லாம் உலர்ந்த எடைக் கணக்கு.

42 சதவீதம் இருந்தால் என்ன, தீ வைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடப் போகிறது என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது, கணக்குப் போட்டும் பார்த்தேன். ஒரு கிலோ உலர்ந்த மரத்தில் எரிந்து கிடைக்கக்கூடிய வெப்பம் 18 மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல். 420 கிராம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறக்குறைய 1.1 மெகாஜூல் போதும். அதாவது நூற்றில் ஆறு. அந்த ஆறு பங்கு இழப்புக்காக ஓர் அடுப்பு இப்படித் திணறாது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். விறகு எரியும்போது மரம் நேரடியாக எரிவது கொஞ்சம்தான். சூட்டில் மரம் சிதைந்து, உலர்ந்த எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறுகிறது. மிச்சம் கரி. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. அது பற்றிக்கொள்ள அடுப்புக்குள் நல்ல சூடு வேண்டும். ஈர மரத்தில் தண்ணீர் போய் முடியாத இடம் 100 டிகிரியைத் தாண்டாது. பக்கத்தில் இருப்பதையும் குளிரவைக்கும். வாயு வெளியே வருகிறது, பற்றிக்கொள்ளச் சூடு இல்லை, அப்படியே புகையாகப் போய்விடுகிறது. போகிற வழியில் குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் கறுப்புத் தாராகப் படிகிறது. எங்கள் புகைபோக்கியை அந்த வாரம் கழற்றியபோது உள்பக்கம் பளபளவென்று கறுப்பு மெருகு போட்டதுபோல் இருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. என்றைக்காவது நல்ல சூட்டில் அதுவே பற்றிக்கொண்டால் புகைபோக்கி முழுவதும் தீயாகிவிடும். அதைச் சுத்தம் செய்து மாட்டும்வரை அடுப்பை மூட்டவில்லை.

60 சென்டிமீட்டரும் பட்டையும்

உருட்டுக்கட்டை ஏன் காயவில்லை என்பதற்கு விடை அந்தக் குழாய்களிலேயே இருக்கிறது. வன்மரத்தில் தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள் தண்டின் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டியபின் தண்ணீர் எளிதாக வெளியேறும் வழியும் அதுதான். நாரின் வழியே போகும் ஈரம், நாருக்குக் குறுக்கே போவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். எனவே விறகின் நீளம்தான் முதல் கணக்கு. 60 சென்டிமீட்டர் கட்டையின் நடுவில் இருக்கும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் நடந்தால்தான் முனைக்கு வரும். 30 சென்டிமீட்டர் கட்டையில் 15 போதும். தூரம் பாதியானால் நேரம் பாதியாகும் என்று தோன்றும். ஆனால் ஈரம் இப்படி ஊர்ந்து வெளியேறும்போது காலம் ஏறக்குறைய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. பாதித் தூரத்துக்குக் கால் பங்கு நேரம். ஒரு வெட்டை மிச்சப்படுத்தினோம், காயும் காலத்தை நான்கு மடங்காக்கிக்கொண்டோம்.

முனை வழி போதாது என்றால் பக்கவாட்டில் போகலாமே என்றால், அங்கே பட்டை. உயிரோடு இருக்கும்போது தண்ணீர் வெளியே போகாமல் காப்பதற்காகவே மரம் வளர்த்துக்கொண்ட உறை அது. வெட்டியபின்னும் அந்த வேலையை அது விடாமல் செய்கிறது. பிளப்பது என்பது பட்டை இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்துவிடுவது. ஒரு கட்டையை நான்காகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பச்சை முகம் கிடைக்கிறது, நடுவிலிருந்த ஈரத்துக்குப் பக்கவாட்டுத் தூரமும் சில விரற்கடையாகச் சுருங்கிவிடுகிறது.

எங்களுக்கு மரம் வெட்டித் தரும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எந்தக் கருவியும் இல்லாமல் பட்டையின் ஓரத்தில் கோடாலி நுனியை நெம்பி ஒரு பட்டையை உரித்தார். அடியில் இருந்த மரத்தில் கையை வைத்து அழுத்தி, உள்ளங்கையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஈரப் பிசுபிசுப்பு மின்னியது.

"பட்டையோட கெடந்தா எத்தனை வெயில் பாத்தாலும் உள்ளுக்குள்ள அப்படியேதான் இருக்கும் தம்பி. பச்சையிலயே பொளந்திருக்கணும்."

தார்ப்பாய்க்கு அடியில்

மூன்றாம் பங்கு சரியான நீளம், சரியான பருமன், பிளந்ததும்கூட. அது ஏன் 28-ல் நின்றது?

காலையில் வெயில் ஏறுவதற்குள் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். பாயின் உள்பக்கம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. விரலால் தட்டியதும் விறகின் மேல் பொலபொலவென்று உதிர்ந்தன. பகல் சூட்டில் விறகை விட்டு வெளியேறும் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. இரவில் பாய் குளிர்ந்ததும் அதன் உள்பக்கத்தில் படிந்து மறுபடி விறகிலேயே சொட்டுகிறது. மழையை வெளியே நிறுத்திய அதே பாய் விறகின் தண்ணீரை உள்ளே நிறுத்தியது. அடியிலிருந்த மண்ணின் ஈரமும் சேர்ந்துகொண்டது.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 12-ல் நிற்கும், 80 என்றால் 16-ல், 90 என்றால் 20-ல். அதற்கு மேல் போகப் போகக் கோடு செங்குத்தாக ஏறி 30-ஐத் தொடும். பாய்க்கு அடியில் இருந்தது எப்போதும் நிறைந்த ஈரக் காற்று. இன்னும் பத்து ஆண்டு விட்டிருந்தாலும் அது காய்ந்திருக்காது, மக்கியிருக்கும்.

மக்கத் தொடங்கியும் இருந்தது. துண்டுகளின் மேல் வெள்ளைப் பூசணம். அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. ஓரத்துத் துண்டு ஒன்றைத் தூக்கியதும் அடியில் இளமஞ்சள் மாவு ஒரு சிறு குவியலாக இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடரைப்போல் வழுவழுப்பாக இருந்தது, மணல்போல் நெருடவில்லை. வெளிறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள். வைரத்தில் ஒன்றுகூட இல்லை. உளு வண்டின் வேலை. வெளிறில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்கு உணவு, குழாய்களின் திறந்த வாயில் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளரும். வெளிறு அகலமான புளியில் அது பெருகியதில் வியப்பில்லை. முதல் பங்கிலும் இரண்டொரு துளை இருந்தது, ஆனால் குவியல் குவியலாக மாவு இல்லை. உளுத்த துண்டுகளைத் தனியே எடுத்து முதலில் எரித்துத் தீர்த்தோம். அப்படிப்பட்ட விறகை வீட்டுக்குள், மரச்சாமான் இருக்கும் இடத்தில், சேர்த்து வைக்கக் கூடாது.

மறுபடி பிளந்தது

இனி இருப்பதைச் சரிசெய்ய வேண்டும். உருட்டுக்கட்டைகள் 31 இருந்தன. முதலில் ரம்பத்தைத் தீட்டினோம். ஒவ்வொன்றையும் நடுவில் அறுத்து 30 சென்டிமீட்டராக்கினோம். அறுக்கும் கட்டை உருளாமல் இருபுறமும் ஆப்பு முட்டுக் கொடுத்தோம். இரண்டு முனையும் தாங்கியிருந்து நடுவில் அறுத்தால் மேல்பக்கம் நெருக்கும், ரம்பத்தின் தகடு சிக்கிக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து மிச்சம் என்று அறுத்தால் சிக்காது. தகட்டின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் நம் முகத்தை நோக்கித் துள்ளும். அந்தப் பகுதி பக்கத்துக் கட்டையில் உரசாதபடி ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து அறுத்தோம்.

பிளப்பது இதைவிடக் கடினமாக இருந்தது. மரம் 30-க்குக் கீழே காயக் காய வலு கூடும். பச்சையாக இருந்தபோது இறங்கிய கோடாலி, காய்ந்த வெளிப்பகுதியில் பட்டு எகிறியது. நான் நடுவில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நடுவுல அடிச்சா புளி குடுக்காது. ஓரத்துலேர்ந்து வாங்க. முட்டைக்கோஸ் உரிக்கற மாதிரி."

ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே, வளையங்களுக்கு இணையாக ஓர் அடி. பட்டையோடு ஒரு பலகை பிரிந்து விழுந்தது. கட்டையைத் திருப்பி அடுத்த ஓரம். பின்னிய நார் நடுவுக்குக் குறுக்கேதான் கெட்டியாகப் பிடிக்கிறது, மெல்லிய ஓரப் பலகையை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. நான்கு பக்கமும் சீவியபின் நடுவில் மிஞ்சும் சதுரக் கட்டையை ஏற்கெனவே இருக்கும் வெடிப்பைப் பார்த்து இரண்டாக்கலாம். வெடிப்பு மரமே காட்டும் வழி. கணு இருந்தால் அதன் மேல் அடிக்காமல் பிளவு அதன் பக்கமாக ஓடும்படி கோடு பிடிக்க வேண்டும்.

கோடாலிக்கு மசியாதவற்றுக்கு இரும்பு ஆப்பு. ஒன்றை வெடிப்பில் இறக்கி, வாய் திறந்ததும் இரண்டாவதைத் தள்ளி வைத்து அடித்தால் முதலாவது தானாகத் தளரும். அதை எடுத்து இன்னும் தள்ளி வைப்பது. இப்படி மாறி மாறி. ஆப்பை அடிக்கச் சம்மட்டிதான், கோடாலியின் பின்பக்கத்தால் அடிக்கவே கூடாது. கோடாலியின் கண் விரியும், எஃகுச் சில்லு தெறிக்கும். எங்கள் ஆப்பு ஒன்றின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரிந்து விளிம்பு சுருண்டிருந்தது. அந்த விளிம்பிலிருந்துதான் சில்லு பறக்கும். சாணைக் கல்லில் கொடுத்து ஓரத்தைச் சரிவாகத் தேய்த்த பிறகே தொட்டோம். கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு யாரும் நிற்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வெட்டுக்கட்டையின் உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அதன் மேல் பழைய டயர் ஒன்றை வைத்து, டயருக்குள் விறகை நிறுத்திப் பிளந்தோம். துண்டுகள் சிதறாமல் அங்கேயே நிற்கும், குனிந்து பொறுக்குவது பாதியாகும், குறி தப்பிய கோடாலி காலுக்கு வராமல் டயரில் நிற்கும்.

துண்டுகள் எல்லாம் கையால் ஒருபிடியில் தூக்கும் அளவு, பத்து சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி, ஒற்றை வரிசையாக அட்டி போட்டோம். அறுத்த முனைகள் காற்று வரும் பக்கம். இரு ஓரத்திலும் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தூண்போல் எழுப்பினால் முட்டு வேண்டியதில்லை. தகரம் மேலே மட்டும், ஒரு சாண் வெளியே நீட்டி. சாரல் பக்கவாட்டில் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மேலே நனைந்த ஈரம் இரண்டு நாள் காற்றில் போய்விடும். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடுவதுதான் முக்கியம்.

எடைக் கணக்கு

அடுக்கும்போது நான்கு துண்டுகளைத் தேர்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதி, எளிதில் உருவக்கூடிய இடங்களில் செருகினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுத்தேன். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்தன, ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கத்தில் 2.84 கிலோ. 42 சதவீத ஈரம் என்பதால் இதற்குள் உலர்ந்த மரம் 2 கிலோ, தண்ணீர் 840 கிராம். இரண்டாவது வாரம் 2.62. நான்காவது வாரம் 2.50, அதாவது 25 சதவீதம், எரிக்கத் தகுந்த எல்லைக்கே வந்துவிட்டது. எட்டாவது வாரம் 2.40. பன்னிரண்டாவது வாரம் 2.36. பதினான்காவது வாரமும் 2.36. எடை நின்றுவிட்டது. 18 சதவீதத்தில் காற்றும் மரமும் சமநிலைக்கு வந்துவிட்டன.

14 மாதத்தில் நடக்காதது 12 வாரத்தில் முடிந்தது. அதிலும் முக்கால்வாசி முதல் நான்கு வாரத்தில் முடிந்துவிட்டது. கடைசிச் சில கிராமுக்குத்தான் நீண்ட நாள். சுவரில் ஊறிய தண்ணீரை மரம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை.

கட்டையின் தொடக்க ஈரம் தெரியாவிட்டாலும் இந்த முறை உதவும். சதவீதமே வேண்டாம். இரண்டு தடவை நிறுத்து எடை மாறவில்லை என்றால் அந்த இடத்தில் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. அதன் பிறகு ஒன்றைப் பிளந்து நடுவில் ஊசி குத்திப் பார்த்தேன். 19 காட்டியது. தராசும் ஈரமானியும் முதல் தடவையாக ஒத்துப்போயின. அட்டியின் மட்டமும் தகரத்துக்குக் கீழே மூன்று நான்கு விரல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கி, ஒன்றின் மேல் ஒன்று இறங்கியதன் கூட்டு அது.

தார்ப்பாய்க் குவியலையும் பிரித்து இதே வரிசையின் தொடர்ச்சியாக அடுக்கியிருந்தோம். அது ஆறு வாரத்தில் நின்றுவிட்டது. உளுத்த துண்டுகள் கையில் எடுக்கும்போதே எடை குறைவாகத் தெரிந்தன. வண்டு தின்றது போனதுதான், காயவைத்து அதைத் திரும்பப் பெற முடியாது.

பதினைந்தாவது வாரம் அடுப்பை மூட்டினோம். அதே அடுப்பு, புகைபோக்கி புதிதாகத் தேய்த்தது. கட்டையின் வெளிமுனையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த முகத்தில் இருந்த மெல்லிய வெடிப்புகள் கொஞ்சம் விரிந்தன, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் சுடர் மஞ்சளாக எழுந்து நின்றது. வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பார்த்தேன். காற்று சூட்டில் நெளிந்தது தெரிந்தது, புகை கண்ணுக்குத் தெரியவில்லை.

கவட்டைகள் ஐந்து மட்டும் பிளக்க முடியாமல் நிற்கின்றன. இரண்டு கிளையின் நார்களும் அங்கே ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருப்பதால் ஆப்பு உள்ளேயே புதைந்துபோகிறது. ஒன்றை வெட்டுக்கட்டையாக வைத்துக்கொண்டோம். மற்ற நான்கையும் ரம்பத்தால் நார் ஓட்டத்திலேயே பலகைபோல் அறுத்துப் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். சங்கிலியை அதற்கு வேறு கோணத்தில் தீட்ட வேண்டும். போன வாரம் நிறுத்தபோது பெரிய கவட்டை 21.6 கிலோ இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு 21.8.